தானாகக் குணமான கார்

அத்தியாயம் 4

முள் பாதியில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

கொசுறு அதை நம்பவில்லை. தண்ணீர் கேனை மடியில் கட்டிப்பிடித்தபடி டெம்பரேச்சர் முள்ளையே முறைத்துக்கொண்டு வந்தான்.

"இப்போ ஏறும் பாருங்க, அண்ணி."

"இதையேதான் மார்க்கெட்லயும் சொன்ன."

"நானா சொன்னேன்? டீச்சர் சொன்னாங்க. மார்க்கெட் தாண்டினா முள் எகிறும், தபால் ஆபீஸ் வந்தா ஆவி பறக்கும்னு. மார்க்கெட்டும் போச்சு, தபால் ஆபீஸும் போச்சு. ஆவியைக் காணோம்."

"அதுல உனக்கு என்ன வருத்தம்?"

"இந்தக் கேனை மாடியிலேர்ந்து தூக்கிட்டு வந்தவனுக்குத்தான் தெரியும்."

அண்ணி சிரிக்கவில்லை. கியரை மாற்றினாள். சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

முன்பு அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து, உரிமையாளர் சொல்வது நிஜமா கதையா என்று பார்க்கிற வேலை. வேலையை விட்ட பிறகும் சுற்றி வரும் பழக்கம் விடவில்லை. இப்போது துப்பறிவதே தொழில். ஊருக்கு அவள் சர்வேயரம்மா. கொசுறுக்கு மட்டும் அண்ணி. அவன் அவளுடைய கணவனின் கடைசித் தம்பி. ஐந்து பிள்ளைகள் போதும் என்று வீட்டில் முடிவெடுத்த பிறகு வந்து சேர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர். முப்பது வயதாகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கார் அவர்களுடையது இல்லை. காலையில் அலுவலகக் கதவைத் தட்டிய டீச்சருடையது. ஏதாவது தடயம் கிடைக்குமா என்று அதையே வாங்கி ஓட்டிப் பார்க்கிறார்கள்.

டீச்சரின் தம்பியைக் காணவில்லை. அவன் ஊர் எல்லையில் இருக்கும் தொழிற்சாலையில் தண்ணீரைப் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறான். அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறான். நேற்று மாலை அக்காவின் காரை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இரவு வரவில்லை. காலையில் பார்த்தால் கார் வாசலில் நிற்கிறது. கார்ச்சாவியும் வீட்டுச் சாவியும் கோத்த கொத்து அதிலேயே தொங்குகிறது. போனை எடுக்க ஆளில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த அவனுடைய இன்சுலின் பாட்டிலும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு அதைக் கேட்டுச் சமாதானமாகிவிட்டார். "மருந்தை எடுத்துக்கிட்டுத்தானேம்மா போயிருக்கார்? வயசுப் பையன். கோபம் தணிஞ்சா வந்துடுவார்."

அண்ணி டீச்சரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஊசி?"

டீச்சர் வீட்டுக்கு ஓடிப்போய் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். ஊசி டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது.

"தினமும் குத்திக்கிறவர் மருந்தை எடுத்துக்கிட்டு ஊசியை விட்டுட்டுப் போக மாட்டார்," என்றாள் அண்ணி. "எடுத்தது வேற ஆள். அந்த ஆளுக்கு உங்க தம்பியோட சீக்கும் தெரியும். உங்க வீட்டு ஃப்ரிட்ஜும் தெரியும். தம்பி உயிரோட இருக்கணும்னும் நினைக்கிறார். ஆனா தன் கையால ஒரு தடவைகூட ஊசி போட்டதில்ல."

சின்ன வயதிலிருந்தே தம்பிக்குச் சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் தாங்குவான். அதற்கு மேல் தாங்கியதில்லை.

அந்த ஒரு நாளில் முக்கால்வாசி போய்விட்டது.

"அண்ணி," என்றான் கொசுறு திடீரென்று, "வெயில் காலடியிலயா அடிக்கும்?"

"என்ன?"

"கால்ல அனல் அடிக்குது."

அண்ணி கையை நீட்டிப் பார்த்தாள். டாஷ்போர்டின் கீழ் ஓட்டையிலிருந்து சூடான காற்று வந்துகொண்டிருந்தது. ஹீட்டர் குமிழ் சிவப்புக் கோட்டின் கடைசியில் இருந்தது.

"இதை நீ திருப்பினியா?"

"இந்த வெயில்ல ஹீட்டர் போட எனக்கு என்ன பைத்தியமா?"

"டீச்சர் ஹீட்டரைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"ரிப்பேர்னாங்க. எஞ்சின் கொதிக்குதே, சூட்டை இந்தப் பக்கம் இழுத்து விடலாம்னு ஒருநாள் போட்டுப் பார்த்தாங்களாம். சூடே இல்லாம பச்சைக் காத்துதான் வந்துச்சாம். அவங்க வீட்டுக்காரர் அவங்களைவிட மோசமாமே. தம்பி வேலை பார்க்கற அதே தொழிற்சாலையில பாய்லர் ரூம் சூப்பர்வைசர். கார்ல ஏறினா வெளியவே பார்க்க மாட்டாராம், முள்ளையேதான் பார்ப்பாராம். ஒரு வாரமா தினமும் பாதி வழியில இறங்கி பஸ்ல போறாராம்."

அண்ணி காரை ஓரமாக நிறுத்தினாள்.

"ஒரு வாரமா கொதிச்ச வண்டி இன்னிக்குக் கொதிக்கல. பச்சைக் காத்து விட்ட ஹீட்டர் அனல் அடிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஜுரம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம்."

"தானா இறங்குமா?"

"எனக்கெல்லாம் தானாத்தான் இறங்கும். என்னை யாரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறா?"

"நீ மனுஷன். இது கார். நேத்து சாயங்காலத்துக்கும் இன்னிக்குக் காலைக்கும் நடுவுல யாரோ இதுக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க."

*

மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியில் இருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும். கால்கள் பேசின.

"எந்த வண்டி?"

"டீச்சரோட நீல வண்டி," என்றாள் அண்ணி.

"கொதிக்குதா? கொதிக்காம என்ன பண்ணும்? ஏர் எடுக்கணும், கொண்டுவாங்கன்னு அப்பவே சொன்னேன். யார் கேட்டா? போன வாரம் ஹோஸ் மாத்தி, தண்ணி ரொப்பி, ஏர் எடுக்கப் போறேன், பொண்ணுக்கு வலி வந்துடுச்சுன்னு போன். போட்டது போட்டபடி ஓடினேன்."

"என்ன குழந்தை?"

"பேத்தி."

"ரொம்ப சந்தோஷம். வண்டி கொதிக்கல."

கால்கள் அசைவதை நிறுத்தின. பிறகு வயிறு வந்தது, கடைசியாகத் தலை வந்தது. நெற்றியில் கிரீஸ்.

"கொதிக்கலையா?"

"ஊரைச் சுத்திட்டு வந்துட்டோம். முள் பாதியைத் தாண்டல."

"அதெப்படி? கொதிக்கணுமே!" அவர் குரலில் வருத்தம் இருந்தது. வைத்தியம் பார்க்காத நோயாளி எழுந்து நடந்தால் டாக்டருக்கு வருகிற வருத்தம். "நான் தொடல, மேடம். என் பேத்தி மேல சத்தியமா தொடல."

"ஏர்னா டயர்லதானே இருக்கும்?" என்றான் கொசுறு.

"அங்க இருக்கணும். இங்க இருக்கக் கூடாது." மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். "பஸ்ல படிக்கட்டுல தொங்கறவனைப் பார்த்திருக்கீங்களா? தானும் உள்ள போக மாட்டான், அடுத்தவனையும் ஏற விட மாட்டான். அந்த மாதிரி ஒரு குமிழி காத்து மேல போய் உக்காந்துக்கும். தண்ணி சுத்தி வர முடியாது. ரேடியேட்டர் நிறைய தண்ணி இருக்கும், எஞ்சின் கொதிக்கும். ஹீட்டர் குழாய்க்குச் சுடுதண்ணியே போகாது."

"அதான் பச்சைக் காத்து," என்றாள் அண்ணி.

"அதேதான்."

"அந்தக் குமிழியை எப்படி இறக்கி விடுவீங்க?"

"வண்டியோட மூக்கைத் தூக்கி நிறுத்தணும். காத்து மேலதானே போகும்? ஹீட்டரை முழுச் சூட்டுல திருப்பி வெக்கணும், அப்பதான் அந்தக் குழாய்லயும் தண்ணி ஓடும். எஞ்சினை ஓட விட்டு, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே, இதோ இந்த ஸ்க்ரூவை லேசா இளக்கணும். முதல்ல புஸ்ஸுன்னு காத்து வரும். அப்புறம் நுரை வரும். அப்புறம் தண்ணி கம்பி மாதிரி சீரா வரும். சீரா வந்ததும் மூடிடணும். அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டா மூஞ்சி வெந்துடும்."

அண்ணி அந்த ஸ்க்ரூவின் மேல் குனிந்தாள். பித்தளைத் தலையில் புதிதாகத் திருகிய கீறல். அதன் கழுத்தில் ஏதோ நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

மெக்கானிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சணல் நூல். வெள்ளைப் பசை தடவிச் சுத்தியிருக்கான். உள்ள ரப்பர் வாஷர் நைஞ்சு போயிருக்கும். அதுக்குப் பதிலா இது." நூல் நுனியை விரலால் நிரடினார். "எங்க ஆளு எவனும் இப்படிச் செய்ய மாட்டான், மேடம். புது வாஷர் போடுவோம். இல்லன்னா ஒழுக விட்டுட்டுத் திட்டு வாங்குவோம். இது தண்ணிக் குழாய் மாட்டறவன் கை. ஆனா ஒண்ணு, சொட்டுக்கூட ஒழுகல. எவனோ கெட்டிக்காரன்."

"ஆஹா, பிளம்பர்!" என்றான் கொசுறு. "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. இந்த ஊர் பிளம்பர்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சு—"

"கூப்பிட்டா பிளம்பர் வருவாரா? நம்ம வீட்டுக் குழாய்க்குப் போன மாசம் கூப்பிட்டோம். இன்னும் வரல." அண்ணி நூல் நுனியை நகத்தால் கிள்ளிக் கைக்குட்டையில் வைத்தாள். "மூக்கைத் தூக்கணும்னீங்களே, இங்க எப்படித் தூக்குவீங்க?"

"ரெண்டு மரக்கட்டை வெச்சிருக்கேன். கட்டை இல்லாதவன் மேடு தேடணும்."

"இந்த ஊர்ல மேடு எங்க இருக்கு?"

"இந்த ஊர்லயா?" மெக்கானிக் சிரித்தார். "கோலிக்குண்டை வெச்சா வெச்ச இடத்துல நிக்கும்."

காரைத் தெருவுக்குக் கொண்டுவந்ததும் அண்ணி அதே கேள்வியைக் கொசுறிடம் கேட்டாள்.

"ரயில்வே மேம்பாலம் இருக்கு," என்றான். "நடுவுல நிறுத்தினா பின்னாடி வர்ற பஸ்காரன் நம்ம பரம்பரையையே திட்டுவான். ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ற சரிவு இருக்கு. அங்க வாட்ச்மேன் வாசல்லயே மறிச்சுடுவான். அப்புறம்..."

அவன் நிறுத்தினான். அண்ணி வேகத்தைக் கூட்டியிருந்தாள்.

"அப்புறம்?"

"தொழிற்சாலைக்குப் பின்னாடி குன்று. அவங்களோட பழைய தண்ணித் தொட்டி."

"சரிவு இருக்கு. தண்ணி இருக்கு. அரை மணி நேரம் எஞ்சினை ஓட விட்டாலும் ஏன்னு கேக்க ஆள் கிடையாது. நேத்து இந்த வண்டி அந்த மேட்டுல ஏறிக் கொதிச்சிருக்கு. ஓட்டிட்டு வந்தவருக்கு அங்க நிக்க முடியாது, விட்டுட்டும் வர முடியாது. சரி பண்ணித்தான் ஆகணும்."

"அப்போ நேரா அங்கதானே போகணும்? ஏன் டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பறீங்க?"

"ஊசி டப்பா அங்கதானே இருக்கு."

*

டீச்சர் வீட்டு வாசலில் அவள் கணவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார். கண்கள் சிவந்திருந்தன. காக்கிச் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார் எழுந்து நின்று.

"பார்த்துட்டிருக்கோம். நீங்க கிளம்பிட்டீங்க போலிருக்கே?"

"பாய்லர் இன்ஸ்பெக்டர் வர்றார். மத்தியானம் பாய்லரைப் பார்க்கறார். இந்த நேரத்துல நான் இல்லன்னா நல்லா இருக்காது." மனைவியைப் பார்த்தார். "இவ அழுதுட்டே இருக்கா. என்ன பண்றதுன்னே தெரியல."

"உங்க மச்சினரும் இன்ஸ்பெக்டரைப் பார்க்கணும்னு சொல்லிட்டிருந்தாராமே?"

"யார் சொன்னா?" என்றார் உடனே.

"நான்தாங்க சொன்னேன்," என்றாள் டீச்சர். "நேத்து கிளம்பும்போது சொன்னானே. எதுக்குன்னு கேட்டேன், அப்புறம் சொல்றேன்க்கான்னு போயிட்டான்."

"அவனுக்குத் தண்ணியைப் பார்த்தாலே சந்தேகம்," என்றார் கணவர். "லேப்காரங்க எல்லாருமே அப்படித்தான்."

கொசுறு கிரீஸ் கையைக் கழுவச் சமையலறைக்குப் போனான். போகிற வழியில் டீச்சரைப் பார்த்து, "ஒரு நல்ல சேதி டீச்சர், உங்க வண்டி இப்போ—" என்று ஆரம்பித்தான்.

அண்ணி அவன் காலை மிதித்தாள்.

"—வாசல்லதான் நிக்குது," என்று முடித்தான்.

குழாயைத் திறந்தான். கழுவினான். மூடினான். குழாய் ஒரு சொட்டுக்கூடச் சொட்டவில்லை. அவனுடைய வீட்டுக் குழாய் இரவெல்லாம் சொட்டும். பொறாமையோடு குனிந்து பார்த்தான். சுவரும் குழாயும் சேரும் இடத்தில் சணல் நூல் எட்டிப் பார்த்தது. சுற்றிலும் வெள்ளைப் பசை.

அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"டீச்சர்! உங்க வீட்டுக்கு எந்த பிளம்பர் வர்றார்? நம்பர் இருக்கா?"

"பிளம்பரா?" டீச்சர் அழுத முகத்தோடு லேசாகச் சிரித்தாள். "இவர் இருக்கும்போது எங்களுக்கு எதுக்கு பிளம்பர்? எல்லாம் இவர் கைதான். பாய்லர்ல வேலை பார்க்கறவங்களுக்குக் குழாய் எல்லாம் ஒரு விஷயமா? சட்டைப்பையில எப்பவும் ஒரு சுருள் நூல் இருக்கும். துவைக்கும்போது எடுத்து வெச்சு எடுத்து வெச்சு எனக்கே அலுத்துப் போச்சு."

கொசுறுக்கு வாய் திறந்தது. மூடவில்லை. கதவருகில் நின்ற அண்ணியைப் பார்த்தான். அவள் கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தாள்.

"நாங்களும் தொழிற்சாலைக்குத்தான் போறோம்," என்றாள் அண்ணி, கணவர் காதில் விழும்படி. "லேப்ல விசாரிக்கணும். வாங்களேன், கேட்ல இறக்கி விட்டுடறோம்."

"வேண்டாங்க, பஸ்ல போயிடறேன்."

"ராத்திரி பூரா முழிச்ச கண்ணோட பஸ்லயா?" என்றாள் டீச்சர். "அவங்களோடயே போங்க. நானும் வர்றேன். எனக்கு இங்க உக்கார முடியல."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுக்க ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அண்ணி அவள் காதருகில், "ஊசி டப்பா," என்றாள். டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து எடுத்துக்கொண்டாள். பிறகு, பழக்கத்தில், கேன் நிரம்பியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள்.

"தபால் ஆபீஸ் வந்தா வேணுமே," என்றாள்.

*

கணவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். டீச்சரும் கொசுறும் பின்னால். கேன் இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தையைப் போல உட்கார்ந்திருந்தது.

மார்க்கெட்டில் நெரிசல். கார் ஊர்ந்தது. டீச்சர் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே கழுத்தை நீட்டினாள்.

"ஏறுதா?"

"இன்னும் இல்ல," என்றாள் அண்ணி.

கணவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

தபால் அலுவலகம் வந்தது.

"ஏறியிருக்குமே? நிறுத்திடலாமா?"

"பார்த்துக்கலாம் டீச்சர்."

கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். கொசுறு அவருடைய பிடரியைப் பார்த்தான்.

தொழிற்சாலையின் கேட் தெரிந்தது. அண்ணி வேகத்தைக் குறைக்கவில்லை.

"கேட் போயிடுச்சு," என்றார் கணவர்.

"தெரியும்."

கார் மதிலை ஒட்டித் திரும்பியது. தார் முடிந்து மண் பாதை தொடங்கியது. முன்கண்ணாடியில் வானம் அதிகமானது. எஞ்சின் முனகியது.

"ஐயோ, மேட்டுல ஏறாதீங்க!" என்றாள் டீச்சர். "கொதிச்சுடும்!"

"டீச்சர் பயப்படறாங்க," என்றாள் அண்ணி. "உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எதுக்கு?"

"முள்ளுக்கு. ஒரு வாரமா இந்த சீட்ல உக்காந்து முள்ளையே பார்த்தவர் நீங்க. இன்னிக்கு ஒரு தடவைகூடப் பார்க்கல. மார்க்கெட்ல பார்க்கல. தபால் ஆபீஸ்ல பார்க்கல. ரோட்டையேதான் பார்க்கறீங்க."

அவர் சட்டென்று முள்ளைப் பார்த்தார்.

"இப்பப் பார்த்து என்ன பண்றது, சார்?" என்றான் கொசுறு பின்னாலிருந்து.

"இந்த வண்டி சரியாயிடுச்சுன்னு உங்க வீட்டம்மாவுக்கே தெரியாது," என்றாள் அண்ணி. "எனக்குத் தெரியும். கொசுறுக்குத் தெரியும். மெக்கானிக்குக்குத் தெரியும். அப்புறம், சரி பண்ணினவருக்குத் தெரியும்."

கைக்குட்டையைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். அரை அங்குல நூல். வெள்ளைப் பசை.

கணவரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பாதியில் நின்றது.

"ஏங்க?" என்றாள் டீச்சர். அந்த ஒரு வார்த்தைதான்.

கார் ஏறிக்கொண்டிருந்தது. முள் பாதியில் நின்றது.

"ஒரே ஒரு நாள்தான்," என்றார் அவர். "இன்ஸ்பெக்டர் போனதும் திறந்து விட்டுடலாம்னு இருந்தேன். பாய்லர் தண்ணியில போட வேண்டிய மருந்து மூணு மாசமா வரல. மேல கேட்டா பார்க்கலாம்னாங்க. நான் போட்டதாவே சொல்லிட்டு வந்தேன். உள்ள குழாய் பூரா உப்பு படிஞ்சுடுச்சு. இவன் தண்ணியைப் பார்த்துக் கண்டுபிடிச்சுட்டான். மாமா, நீங்களே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க, இல்லன்னா நான் சொல்லுவேன்னான். தொட்டித் தண்ணியையும் ஒரு தடவை பார்த்துடுன்னு இங்க கூட்டிட்டு வந்தேன். வால்வு ரூமுக்குள்ள போனான். வெளிய பூட்டிட்டேன்." மூச்சு வாங்கினார். "பாய்லர் ஒண்ணும் வெடிச்சுடலயே?"

"இன்னும் வெடிக்கல," என்றாள் அண்ணி.

"கிளம்பலாம்னா வண்டி கொதிச்சு நின்னுடுச்சு. உள்ள களக் களக்னு சத்தம். கேட்ட உடனே தெரிஞ்சுது, காத்து. எங்க பாய்லர் லைன்ல தினமும் எடுக்கறதுதானே. வண்டி மூக்கு மேல பார்த்துத்தான் நின்னுச்சு. கை சும்மா இருக்கல. அவன் கதவைத் தட்டிட்டே இருந்தான். நான் இதைப் பண்ணிட்டிருந்தேன்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவனைப் பட்டினி போடல," என்றார் அவசரமாகத் திரும்பி. "ரொட்டி வெச்சேன். ராத்திரி நீ தூங்கினப்புறம் வீட்டுக்கு வந்து மருந்தைக்கூட எடுத்துட்டுப் போய் ஜன்னல் வழியா கொடுத்தேன். விடியறதுக்குள்ள வண்டியை வாசல்ல விட்டுட்டுத் திரும்ப ஷிஃப்டுக்குப் போயிட்டேன். நான் கொலைகாரன் இல்ல. மருந்து கொடுத்துட்டேன்."

டீச்சர் கைப்பையைத் திறந்தாள். ஊசி டப்பாவை எடுத்து அவர் கண்ணெதிரே நீட்டினாள்.

அவர் அதைப் பார்த்தார். புரிய ஒரு கணம் ஆயிற்று.

"அவன் பையில இருக்கும்னு நினைச்சேன்," என்றார். அண்ணி பக்கம் திரும்பி, "வேகமா போங்க," என்றார். "வலப்பக்கம். ரெண்டாவது கதவு. வேகமா போங்க!"

*

வால்வு ரூம் சாவி கணவரின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. அவசரத்தில் தலைகீழாகத் திணித்தார். கொசுறு பிடுங்கித் திறந்தான்.

தம்பி துருப்பிடித்த வால்வில் சாய்ந்து கிடந்தான். உதடு வெடித்திருந்தது. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது. அதில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை. இன்சுலின் பாட்டில் கைக்குள் இருந்தது. மூடி திறக்கப்படவில்லை. ரொட்டியும் பிரிக்கப்படவில்லை.

கண்ணைத் திறந்தான். "தண்ணி," என்றான்.

டீச்சர் காரை நோக்கி ஓடினாள். கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எஞ்சினுக்கென்று கொண்டுவந்த தண்ணீரைத் தம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். டப்பாவிலிருந்த மீட்டரில் அவன் விரலை அவள் குத்திப் பார்த்தாள். எண் வரவில்லை. அளவு தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் டாக்டர் சொன்ன அளவைத் திருப்பிச் சொல்லச் சொல்ல, டீச்சர் மருந்தை ஊசியில் இழுத்தாள். பல வருடம் செய்த கை. அளவு தவறவில்லை.

அடுத்த போனைத் தொழிற்சாலைக்குப் போட்டாள் அண்ணி. "இன்ஸ்பெக்டர் வந்துட்டாரா? அவர்கிட்ட கொடுங்க... சார், அந்த பாய்லரை முதல்ல அணைக்கச் சொல்லுங்க. காரணத்தை அப்புறம் சொல்றேன். ஆட்களை வெளிய அனுப்புங்க."

கொசுறு தம்பியின் தோள்பக்கம் பிடித்தான். கால்பக்கம் பிடிக்கக் கணவர் குனிந்தார்.

"தொடாதீங்க," என்றாள் டீச்சர்.

அவர் நிமிர்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். கால்களை டீச்சரே தூக்கினாள்.

பின்சீட்டில் அக்காவின் மடியில் தம்பியின் தலை. இனி காரில் இடமில்லை.

"நான் சாரோட இருக்கேன் அண்ணி," என்றான் கொசுறு. "போலீஸ் வர்ற வரைக்கும் பேசிட்டிருப்போம். எங்க வீட்டுக் குழாயைப் பத்தி."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

அண்ணி காரைத் திருப்பி இறக்கத்தில் விட்டாள். கண்ணாடியில் தொட்டிச் சுவரும், அதன் கீழ் நின்ற காக்கிச் சட்டையும் சின்னதாகிக்கொண்டே போயின. தொழிற்சாலைப் புகைபோக்கியில் புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. அண்ணி அதையே பார்த்தாள். மதிலருகே திரும்பும்போது புகை மெலிந்தது. ஆட்கள் கும்பலாக கேட்டுக்கு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

தம்பி மடியில் அசைந்தான்.

"அக்கா."

"பேசாதடா."

"இந்த மேட்டுல ஏறினா வண்டி கொதிக்குமே. எப்படி வந்தீங்க?"

டீச்சர் அவன் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கினாள். கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தாள்.

முள் பாதியில் நின்றது.

"உன் மாமா சரி பண்ணிட்டார்டா," என்றாள்.